மூன்றாம் மேசையில் ஒரு சேர்க்கை

மே 11

வாயாடிக்கு,

சனிக்கிழமை நீங்கள் என் கல்லூரிக்கு வந்தபோது நான் சொல்லாமல் விட்டவற்றை எழுதுகிறேன். சொன்னவற்றை நீயே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாய்.

சேர்க்கைக் கூடத்துச் சுவரில், படித்து முடித்தவர்களின் சராசரிச் சம்பளத்தைக் காட்டும் படத்தைப் பார்த்து, "இதெல்லாம் நெசமாம்மா?" என்று அப்பா கேட்டார். "காலேஜ் வெளியிட்ட விவரம்ப்பா" என்றேன். அது பதில் இல்லை. என்னோடு முப்பத்தாறு பேர் படித்தார்கள். வேலை என்ன, சம்பளம் என்ன என்று கல்லூரி கேட்டபோது பதினொரு பேர்தான் பதில் எழுதினார்கள். அந்தப் பதினொரு பேரின் சராசரிதான் சுவரில் தொங்குகிறது. அதில் ஒருவன் லாரி கம்பெனி முதலாளியின் மகன். தன் அப்பாவின் கம்பெனியிலேயே மேலாளர். அவன் சம்பளத்தை எடுத்துவிட்டால் அந்தப் படத்தைச் சுவரில் மாட்ட மாட்டார்கள். இன்னும் ஐந்து பேர் என்னைப் போலப் படித்த கல்லூரியிலேயே சேர்க்கை மேசையில் உட்கார வைக்கப்பட்டவர்கள். படித்து முடித்ததும் வேலை கிடைத்தவர்கள் என்று எங்களையும் எண்ணிக்கொள்கிறார்கள்.

"மூணு வருஷம் போட்டா அப்புறம் கவலையில்லதானே?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அவர் தனக்கு வேண்டிய பக்கமாக எடுத்துக்கொண்டார்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேர்க்கைப் பொறுப்பில் இருக்கும் மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார் என்பது ஒரு காரணம். அது மட்டும்தான் காரணம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அப்பா சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, பேருந்தில் வரும் பயணியைப் போல மடியில் பையை வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருந்தார். என் மேசையைத் தடவிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உனக்கு அரசு ஆஸ்பத்திரி லேப் பயிற்சியிலும் இடம் வந்திருக்கிறது. இரண்டு வருடம், கட்டணம் பேருக்குத்தான், பயிற்சிக் காலத்திலேயே கைச்செலவுக்குத் தருகிறார்கள். அதற்குப் போ. இங்கே ஒரு வருடக் கட்டணம் அப்பாவின் ஒன்பது மாதச் சம்பளம். என் படிப்புக்கு வாங்கிய கடனே அடுத்த வருடம்தான் முடிகிறது. இனி அவரிடம் எடுத்துக்கொடுக்க வேலையைத் தவிர எதுவும் இல்லை. அவர் வேலையை முன்கூட்டியே விட்டு செட்டில்மென்ட் வாங்கப் போவதாகச் சனிக்கிழமை வாசலில் அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அவரைக் கையெழுத்துப் போட விடாதே.

போனில் சொல்லியிருக்கலாம். வீட்டில் இருக்கும் ஒரே போன் அவர் சட்டைப்பையில். இங்கே என் அறையில் நான்கு பேர். அதனால்தான் கடிதம்.

அக்கா


மே 16

அக்காவுக்கு,

லெட்டர் வந்துச்சு. கொரியர்காரன் கொடுத்ததும் அம்மா, "என்னடி, ஒரே வீட்டுல பொறந்துட்டு லெட்டரு?"னு கேட்டா. புஸ்தகம் அனுப்பச் சொன்னேன், அதைப் பத்தி எழுதியிருக்கான்னு சொல்லிட்டேன். நீ எப்பவும் புஸ்தகம் பத்திதான் பேசுவேன்னு நம்பிட்டா.

உன்மேல எனக்குக் கோவம். முதல்ல அதைச் சொல்லிடறேன்.

அன்னைக்கு நீ மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு, "வாங்க சார்"னு அப்பாவைக் கூப்பிட்டதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. அப்பாவோ நெஞ்சை நிமித்திக்கிட்டாரு. இத்தன வருஷ சர்வீஸ்ல அவரை யாரும் சார்னு கூப்பிட்டதில்ல, "யோவ் டிரைவரு, ஸ்டாப்ல நிறுத்துய்யா"தான். பஸ்ஸுல திரும்பி வரும்போது மூணு தடவ சொன்னாரு. "பாத்தியா, எப்படிக் கூப்பிட்டா பாத்தியா."

டிப்போ எதிர்ல உங்க காலேஜ் பெரிய பலகை வெச்சிருக்குல்ல, அதுல உன் போட்டோ. கறுப்பு கோட்டுல கையக் கட்டிக்கிட்டு நிக்கிற. அப்பா ஒவ்வொரு டிரிப்புக்கும் அங்க ஹார்ன் அடிக்கிறாரு. கண்டக்டர் மாமா, "என்னய்யா, குறுக்க ஒரு ஈ காக்கா இல்ல, யாருக்கு அடிக்கிற?"னு கேட்டா, "எம்பொண்ணு நிக்கிறாய்யா"ங்கறாரு. இப்ப டிப்போவுல எல்லா வண்டியும் அங்க அடிக்குது. நெசமாத்தான்.

இப்ப கேள்விக்கு வர்றேன். நீ படிக்கும்போது யாரும் கணக்குப் பாக்கல. நீ சேரணும்னு சொன்னே, சேத்தாங்க. அந்தப் புல்வெளி, அந்த லைப்ரரி, பன்னெண்டு பேரு வட்டமா உக்காந்து பேசற வகுப்பு, எல்லாத்தையும் லீவுல வந்து கதை கதையாச் சொன்னது யாரு? நான் உன் பாயிலயே படுத்துக்கிட்டுக் கேட்டவதானே? அதெல்லாம் உனக்கு, எனக்கு ரத்தப் பாட்டிலா? எனக்கு வரும்போது மட்டும் ஒம்பது மாசச் சம்பளம், லாரி முதலாளி மகன்னு கணக்குப் போட்டுக் காட்டறே. வீட்டுல ஒரு பட்டதாரி போதும்னு நெனைக்கிறியோன்னு ராத்திரி ஒரு கெட்ட நெனப்பு வந்துச்சு. வந்ததைச் சொல்லிட்டேன்.

அதுவும் இல்லாம அப்பா உன்னை வெச்சுத்தான் கணக்குப் போட்டாரு. டிரிப் ஷீட்டு பின்னால எழுதினாரு. "இருபத்தேழு மாசச் சம்பளம் போடறோம். பெரியவ மாசா மாசம் என் சம்பளத்துல பாதி அனுப்பறா. ஒரு மாசம் கூடக் கொறையல, ஒரு மாசம் கூடக் கூடல. அதான் நல்ல உத்தியோகத்துக்கு அடையாளம். சின்னவளும் அப்படி அனுப்புனா நாலரை வருஷத்துல போட்டது வந்துடும். அப்புறம் காலம்பூரா லாபம்." அம்மா இஸ்திரிப் பெட்டிய நிறுத்திட்டுக் கேட்டா, "அவ சாப்பிட என்ன வெச்சுக்கறான்னு கேட்டியா?" "பாதி நமக்கு அனுப்பறான்னா மிச்சம் பாதிக்கு மேல அவகிட்ட இருக்குன்னுதானே அர்த்தம், உனக்குக் கணக்கு தெரியாது, துணிய தேய்"ன்னாரு.

நீ மாசாமாசம் அனுப்பறது உன் காலேஜ் கொடுத்த சம்பளம்தானே? அப்ப காலேஜ் கொடுத்ததை நான் மட்டும் ஏன் வாங்கக் கூடாது? உன் சம்பளம் எவ்வளவு? சுத்தி வளைக்காம எழுது.

வாயாடி


மே 21

வாயாடிக்கு,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

என் சம்பளம் அப்பாவின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. இந்தக் கட்டில், சாப்பாடு, பேருந்து, மாதத்துக்கு ஒரு பழைய புத்தகம், அதோடு தீர்ந்துவிடுகிறது. உங்களுக்கு வருவது அதிலிருந்து இல்லை. என் மேசையில் உட்கார்ந்து யாராவது சேர்ந்தால், ஒரு சேர்க்கைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை தருகிறார்கள். சேர்க்கை நடப்பது ஏப்ரல் முதல் ஜூன் வரை. அந்த மூன்று மாதத்தில் கொத்தாக வரும் பணம்தான் வருடம் முழுவதும் உங்களுக்கு வருகிறது.

அதைப் பன்னிரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி, ஒரே தொகையாக அனுப்பினேன். அப்பாவுக்கு ஏறி இறங்கும் வருமானத்தைக் கண்டால் பயம். சித்தப்பா ஆட்டோவை நம்பிக் கெட்டதைச் சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார். அவர் பயப்படக் கூடாது என்றுதான் சமமாகப் பிரித்தேன். அந்தச் சமம்தான் அவருக்கு உத்தியோகத்தின் அடையாளமாகத் தெரிந்திருக்கிறது. உன் கடிதத்தில் அந்த வரியைப் படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஆக, அவர் டிரிப் ஷீட்டில் எழுதிய வரவு என் படிப்பு சம்பாதித்தது இல்லை. முப்பது, நாற்பது அப்பாக்கள் என் முன்னால் உட்கார்ந்து கட்டிய பணத்தின் ஓரம் அது. அவர்களில் ஒரு தையல்காரர் இருந்தார். ஒரு மீன் கடைக்காரர் இருந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்திருந்தார், ஆனாலும் காகிதத்தைத் தொடத் தயங்கினார். அவர்களிடம் அந்தச் சுவர்ப் படத்தைக் காட்டியவள் நான்தான். நல்ல குரலில், நிதானமாகச் சொல்வேன். அந்தக் குரலும் இந்தக் கல்லூரி கொடுத்ததுதான்.

நீ கேட்ட இன்னொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த மூன்று வருடங்கள் நல்லவை. நான் உன்னிடம் சொன்ன கதைகளில் பொய் இல்லை. தர்க்கம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, யாராவது வாயைத் திறக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்படி ஒருவர் எனக்காகக் காத்து நின்றதே அதுவரை இல்லை. அவருக்கு நான்கு மாதச் சம்பளம் பாக்கி வைத்தார்கள். இப்போது ஏதோ இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறார். போன வருடம் வழியில் பார்த்தேன். பாலிசி எடுத்திருக்கிறாயா என்று கேட்டார்.

உனக்கு அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு நியாயமான விலை எவ்வளவு என்றும் எனக்குத் தெரியாது. நீ சேர்ந்தால் அதைக் கொடுக்கப்போவது யார் என்று மட்டும் தெரியும். ஒன்பது வருடம் இன்னும் ஓட்ட வேண்டியவர், ஸ்டியரிங்கை இப்போதே விட்டுவிட்டு, அந்தப் பணத்தை என் மேசையில் வைத்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்துவிடுவார். நீ படித்து முடித்து வரும்போது இந்தக் கல்லூரி உனக்குத் தருவதற்கு வைத்திருப்பது நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலிதான். அதற்கும் ஒப்பந்தம் வருடத்துக்கு ஒருமுறை.

அந்த ஒப்பந்தத்தைப் பற்றியும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், நீ என்னைச் சந்தேகப்பட்டதால். வருடத்துக்கு நாற்பது பேரைச் சேர்த்தால்தான் அடுத்த வருடம் வேலை. இந்த முறை பெரும்பாலானவர்கள் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்கள். இதுவரை முப்பத்தொன்பது. வரிசையில் யாரும் இல்லை. "உங்க வீட்டுலயே ஒரு ஆள் இருக்கே, இன்னும் என்ன யோசனை?" என்று மேடம்தான் சனிக்கிழமை உங்களை என் மேசைக்கு அனுப்பினார். ஆகவே நீ சேர்ந்தால் எனக்கு லாபம். அப்படி இருந்தும் வராதே என்கிறேன். இப்போதாவது நம்புகிறாயா?

லேப் பயிற்சிக்குக் கடைசி நாள் ஜூன் 5. இந்தக் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டு. நேரில் சொல்ல எனக்கு வரவில்லை. உன் வாய்க்கு வரும்.

அக்கா


மே 27

அக்காவுக்கு,

முதல்ல மன்னிச்சுடு. அந்தக் கெட்ட நெனப்பை எழுதியிருக்கக் கூடாது.

நீ சொன்ன மாதிரியே படிச்சுக் காட்டினேன். ஞாயித்துக்கிழமை, அவருக்கு வார லீவு. ஃபேன் அடியில துண்ட விரிச்சு உக்காந்திருந்தாரு. அம்மா அடுப்ப அணைச்சுட்டு வந்து வாசப்படியில நின்னா. ஒரு எழுத்து விடாமப் படிச்சேன். மீன்கடைக்காரர் வர்ற எடத்துல அம்மா மூக்கை உறிஞ்சினா. சமமாப் பிரிச்சு அனுப்பினதைப் படிச்சப்ப அப்பா, "அட அசடே"ன்னு மெதுவாச் சொன்னாரு. கோவமா இல்ல.

படிச்சு முடிச்சதும் நான் சொன்னேன். "அப்பா, நான் லேப்புக்கே போறேன். முடிவு பண்ணிட்டேன்." நெசமாவே பண்ணிட்டேன்க்கா. ரத்தம்னா என்ன, செவப்பா இருக்கும், அவ்வளவுதானே.

அவரு, "அந்த எண்ணிக்கை வர்ற எடத்தை மறுபடி படி"ன்னாரு. படிச்சேன். "முப்பத்தொம்பதா?" "ஆமாம்ப்பா." "அப்ப ஒண்ணுதானே கொறையுது?"

லெட்டர மடிச்சு எனக்குப் பின்னால வெச்சேன்.

"அப்பா, அக்கா வேணாம்னுதான் எழுதியிருக்கா."

"அவ அப்படித்தான் எழுதுவா. அவ என்னைக்கு எனக்கு வேணும்னு வாயத் தொறந்து கேட்டிருக்கா? சின்ன வயசுல காய்ச்சல் அடிச்சாக்கூட தொட்டுப் பாத்துத்தான் நமக்குத் தெரியும்."

"அவ கேட்டது செட்டில்மென்ட் வாங்காதன்னு."

"லேப்பு அடுத்த வருஷமும் வரும். அவ வேலை போனா வருமா? இவ்வளவு காசப் போட்டுப் படிக்க வெச்சு, கடைசில ஒரே ஒரு ஆளு கொறைஞ்சதுன்னு அவள வெளிய நிறுத்தறதா? அந்த ஒரு ஆளு நம்ம வீட்டுலயே உக்காந்து தோசைக்குக் காத்துக்கிட்டிருக்கும்போது?"

அம்மா சொன்னா, "புள்ளைங்க ரெண்டும் வேணாங்குது, நீ யாருக்காகய்யா குதிக்கிற?" அதுக்கு அவரு, "ஒருத்திக்குப் படிப்பு, ஒருத்திக்கு வேலை. ஒரே காசுல ரெண்டு டிக்கெட். இதுல உனக்கென்ன நஷ்டம்?"னு சிரிச்சாரு. சிரிப்பு சரியில்ல.

திங்கக்கிழமை டிப்போவுல வேலைய விடறேன்னு எழுதிக் கொடுத்துட்டாரு. அதைக் காட்டினா சங்கத்துல முன்பணம் உடனே தர்றாங்களாம். நான் கையப் புடிச்சு இழுத்தேன். கண்டக்டர் மாமாகிட்டப் போய் அழுதேன். "உங்கப்பன் பிரேக்கே புடிக்க மாட்டேங்கறானே"ன்னு அவரும் தலையில கைய வெச்சுக்கிட்டாரு.

அக்கா, நீ அந்த எண்ணிக்கைய ஏன் எழுதினே? என்னை நம்ப வெக்கத்தானே? நான் சந்தேகப்படாம இருந்திருந்தா நீ எழுதியிருக்கவே மாட்ட.

இந்த லெட்டர் கெடைச்சதும் அவருக்குப் போன் போடு. நீ சொன்னாத்தான் கேப்பாரு.

வாயாடி


ஜூன் 1

வாயாடிக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. அப்பா நேற்றே வந்துவிட்டுப் போனார்.

கூடத்தில் வேறு யாரும் இல்லை. மற்ற மேசைக்காரர்கள் விசிறியைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் நேராக மூன்றாம் மேசைக்கு வந்தார். உன் சான்றிதழ்கள், அம்மாவின் கையெழுத்து எல்லாவற்றையும் எடுத்து வைத்தார்.

இந்த முறை சொன்னேன். "வேணாம்ப்பா. எடுத்துக்கிட்டுப் போங்க."

"சார்னு கூப்பிடு, எல்லாரும் பாக்கறாங்க" என்றார்.

"அப்பா, கெஞ்சிக் கேக்கறேன். எனக்கு வேற வேலை கெடைக்கும்."

"ஊரெல்லாம் உன்கிட்ட வந்து சேருது, எம்பொண்ணு சேரக் கூடாதா?"

குரலை அவர் வேண்டுமென்றே உயர்த்தினார் என்று நினைக்கிறேன். மேடம் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "என்ன, அப்பாவும் பொண்ணும் பேரம் பேசறீங்களா?" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன்.

நான் படிவத்தை நிரப்பினேன். பணியாளரின் குடும்பத்தினர் என்றால் முதல் வருடக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு குறையும், அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதில் குறி போட்டேன். அவரைத் தடுக்க முடியாத எனக்கு அந்த மதியம் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். கிட்டத்தட்ட அவருடைய ஒரு மாதச் சம்பளம் மிச்சம். சொன்னதும் அவருக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? "இதுக்குத்தான் உள்ள ஒரு ஆளு வேணுங்கறது" என்று மேடத்தைப் பார்த்துச் சொன்னார்.

ரசீதை எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, "நாப்பது ஆச்சா?" என்று காதருகில் கேட்டார். ஆச்சு என்றேன்.

வெளியே வெயில். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு மூடி என்னிடமே கொடுத்தார்.

நீ கேட்டாய், ஏன் எழுதினாய் என்று. நேர்மையாக இருக்க வேண்டும் என்று எழுதினேன்.

அக்கா


ஜூன் 22

அக்காவுக்கு,

பெட்டி கட்டியாச்சு. அம்மா என் துணியெல்லாம் இஸ்திரிக் கடை துணி மாதிரி தேய்ச்சு, அடையாளச் சீட்டு குத்தாத குறையா அடுக்கியிருக்கா. லேப்பு தேதி போன அன்னைக்கு சாயங்காலம் எனக்குப் புடிச்சத சமைச்சா.

அப்பா சனிக்கிழமை சாவியக் கொடுத்துட்டாரு. டிப்போவுல மாலை, டீ, வடை. கடைசி டிரிப்புல பலகைக்குப் பக்கத்துல வண்டிய நிறுத்தியே ஹார்ன் அடிச்சாராம். பயணிங்க கத்தினாங்களாம். கண்டக்டர் மாமா சொல்லிச் சிரிச்சாரு, அப்புறம் கண்ணத் தொடைச்சுக்கிட்டாரு.

இப்ப காலைல நாலு மணிக்கே எழுந்துடறாரு. சட்டையப் போட்டுக்கிட்டு வெளிய உக்காந்திருக்காரு.

நான் நல்லாப் படிப்பேன்க்கா. வேற என்ன எழுதறதுன்னு தெரியல. உன் கூட ஒரே ஊர்ல இருக்கப் போறேன், அது ஒண்ணுதான் எனக்கு சந்தோஷம். உன் ஒப்பந்தம் கையெழுத்தாயிடுச்சான்னு அப்பா தெனமும் கேக்கறாரு.

வாயாடி


ஜூலை 2

வாயாடிக்கு,

ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை.

பணியாளர் குடும்பச் சலுகையில் சேர்ந்தவர்கள் எந்த மேசையின் எண்ணிக்கையிலும் வரமாட்டார்கள் என்று சேர்க்கையின் கடைசி நாளன்று மேடம் சொன்னார். எல்லாரும் வீட்டு ஆட்களையே கொண்டுவந்து எண்ணிக்கையை நிரப்பக் கூடாது என்பதற்காகவாம். "அந்தக் கட்டத்துல குறி போடாம இருந்திருந்தா நான் கண்டுக்காம விட்டிருப்பேன்" என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். என் கணக்கு முப்பத்தொன்பதிலேயே நிற்கிறது. இடம் உறுதியான பிறகு கட்டணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். அதையும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அறையை இந்த வாரம் காலி செய்கிறேன். என் கட்டிலை உனக்குக் கேட்டு வைத்திருக்கிறேன். ஜன்னலுக்குப் பக்கத்துக் கட்டில். புத்தகங்களை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். நீ இங்கே வரும் அன்று நான் நம் வீட்டில் இருப்பேன். பேருந்து நிலையத்திலிருந்து நேராக அறைக்குப் போ, வழி உனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு நேற்று மதியம் போன் செய்து சொன்னேன். சலுகை, கட்டம், எண்ணிக்கை எல்லாம். "சரிம்மா" என்றார். அப்புறம், "டிரிப் எடுக்கணும், கூப்பிடறாங்க, வெச்சுடறேன்" என்று வைத்துவிட்டார்.

அவர் சாவியைக் கொடுத்துப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது.

அக்கா